கஞ்சித்தொட்டிக்கு வருமா ராமபாணம்?

2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதியன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் ஜானிடாடமாப் என்னும் புதிய மருந்தொன்றுக்கு அனுமதி வழங்கினர். பித்த நாளத்திலும் பித்தப்பையிலும் உண்டாகும் புற்றுநோய் முற்றி, கத்தி வைத்து எடுக்க இயலாத நிலையை அடைந்து, முதலிற் கொடுத்த மருந்தும் பலியாமற்போன நோயாளிகளில் ஒரு சாராருக்கு, சிரையின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுவது இம்மருந்து. விஷக் கிருமியைக் கொல்வது போல எதிர்ப்பட்ட அணுவையெல்லாம் கொல்லும் பழைய மருந்துகளின் இனத்தைச் சேர்ந்ததன்று இது. குறி பார்த்துப் பாய்வது. குறியில்லாத இடத்தைத் தீண்டாதிருக்க முயல்வது.

அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு முத்திரையிட்டால் ராயபுரத்தில் மூட்டை சுமப்பவனுக்கு அதனால் வந்ததென்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்வியே அது. சென்னைத் துறைமுகத்திலும், காசிமேட்டு மீன்பிடி துறையிலும், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கு நோய் வந்தால் பெரும்பாலும் போக்கிடம் பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியே. முதியோர் பலர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். ஹைதரலியின் யுத்தத்தை அடுத்து வந்த பஞ்சத்தில், 1782-ல், பட்டினியால் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் அது. 1799-ல் அங்கே வைத்தியமும் தொடங்கிற்று. 1938-ல் மருத்துவக் கல்லூரி உண்டாயிற்று. வெள்ளைக்கார கவர்னர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஜனங்களோ கஞ்சியின் பெயரை விடவில்லை. ஜனங்கள் செய்ததே பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே நமது கேள்வி இதுதான்: கஞ்சித்தொட்டியின் வாயிலில் மஞ்சள் படர்ந்த கண்களுடன் வந்து நிற்கும் தொழிலாளிக்கு இந்தப் புதுவகை வைத்தியத்தில் பங்கு உண்டா, இல்லையா?

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கல்லீரலில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்த நீர் ஊறுகிறது. உண்ட கொழுப்பைக் கரைக்கும் பொருட்டு அது நுண்ணிய நாளங்களின் வழியே ஒன்றுகூடி, பித்தப்பையில் தங்கி, பின் குடலில் இறங்குகிறது. இவற்றில் பெரிய நாளமே ஒரு பென்சிலின் கனத்துக்கு மேற்படாது. அதன் உட்சுவரில் புற்று முளைத்தால் வெகு சீக்கிரத்தில் வழி அடைபடும். அடைபட்ட பித்தம் இரத்தத்திற் கலந்து கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுக்கும், மலம் களிமண் போல வெளுக்கும், உடலெங்கும் அரிப்பெடுக்கும். இவ்வளவும் நடக்கையில் வலி பெரிதாக இல்லாமலே இருக்கலாம். அதுவே இந்நோயின் வஞ்சகம். வலியில்லாத நோய்க்கு ஒரு நாட் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எத்தனை பேர்?

நம் நாட்டில் கண் மஞ்சளித்ததும் செய்கிற முதற் காரியம் கீழாநெல்லியை அரைத்து மோரிலே கலந்து குடிப்பது. இரண்டாவது காரியம் மந்திரித்து மஞ்சள் இறக்குவது. கீழாநெல்லியை இகழ்வது நமது நோக்கமன்று. வைரஸினால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் இயல்புடையது. அந்தப் புகழைப் பச்சிலையும் மந்திரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் அடைப்பினால் வந்த காமாலைக்கு எந்தப் பச்சிலையும் வழி திறக்காது. சாக்கடையில் கல் விழுந்து அடைத்தால் அதன்மேல் பன்னீர் தெளிப்பவர் உண்டா? இரண்டு வாரம் பத்தியமிருந்தும் மஞ்சள் ஏறிக்கொண்டே போய், மலமும் வெளுத்து, அரிப்பும் கண்டால், அது வேறு ஜாதிக் காமாலை. அப்போது ஸ்கானிங் செய்து பார்க்கவேண்டும். இதை ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். கொடிக்கம்பத்துக்கு ஆகிற செலவிலே பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

காலத்தில் கண்டுபிடித்து, கட்டி நாளத்தோடு நிற்கையில் அறுத்தெடுப்பதொன்றே இந்நோயை அடியோடு தீர்க்கவல்லது. கல்லீரல், பித்த நாள சஸ்திர சிகிச்சையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பெயர் பெற்றது. கல்லீரலையே மாற்றிவைக்கும் சிகிச்சையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் செய்யலாம் என்று நாட்டுக்குக் காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. ஆயினும் வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுக்கும் கட்டத்தைக் கடந்தே வருகின்றனர். அவர்களுக்கு எண்டாஸ்கோப்பி மூலம் நாளத்துக்குள் ஒரு குழாயைச் செருகி, பித்தத்துக்கு வழி திறந்துவிட்டு, பிறகு மருந்து கொடுப்பதே முறை. அந்த மருந்தின் யோக்கியதை என்ன? 2010-ல் பிரிட்டனில் 410 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்கள் நடுத்தரமாக 8.1 மாதமும், அதனுடன் சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்கள் 11.7 மாதமும் ஜீவித்தனர். மூன்றரை மாத லாபம். அதற்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் உலகம் முழுதும் அதுவே முதல் மருந்தாக நின்றது.

இந்நோய் யாருக்கு வருகிறது? தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் ஆற்று மீனைச் சமைக்காமல் உண்ணும் வழக்கமுண்டு. அம்மீனிலுள்ள தட்டைப் புழு பித்த நாளத்திற் குடியேறிப் பல்லாண்டு அரித்துப் புற்றாக்குகிறது. உலகத்திலேயே இந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் பிரதேசம் அது. காசிமேட்டுக்காரர் கடல் மீனைப் புளியும் மிளகாயும் இட்டுக் கொதிக்கவைத்தே உண்பவர். அந்தப் புழுவினால் அவருக்கு அச்சமில்லை. நாளத்துக் கற்கள், பிறவியிலேயே நாளம் பைபோல வீங்கியிருத்தல், ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், கல்லீரல் சுருங்குதல் ஆகியவை வேறு காரணங்கள். பித்தப்பைப் புற்றோ கங்கைக் கரைப் பிரதேசங்களிலும் அஸ்ஸாமிலும் மிகுதி, தென்னாட்டில் குறைவு.

ஆனால் தொழிலாளர் வசிக்கும் ஒரு பிரதேசத்தைப் பற்றி எழுதுகையில் ஜப்பானில் நடந்ததைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. ஒஸாகா நகரில் ஓர் அச்சகம். அங்கே அச்சுப் பொறியின் உருளைகளில் ஒட்டிய மையைத் துடைப்பதற்கு ஒரு ரசாயனத் திரவத்தைத் தாராளமாக உபயோகித்தனர். அறைக்குச் சரியான காற்றோட்டமில்லை. அங்கே வேலை செய்த ஆண்களில் 25 முதல் 45 வயதுக்குட்பட்ட 11 பேருக்குப் பித்த நாளப் புற்று வந்ததையும், அவர்களில் 6 பேர் மாண்டதையும் ஷின்ஜி குமகாய் என்னும் தொழில் சுகாதார நிபுணர் ஆராய்ந்து 2013-ல் பிரசுரித்தார். முதுமையில் வருகிற நோய் வாலிபர்களை இவ்வாறு கொள்ளை கொண்டது எதனால்? டைக்குளோரோபுரொப்பேன் என்னும் அந்தத் திரவத்தை, மனிதருக்குப் புற்று விளைப்பது உறுதி என்ற முதற் பிரிவில் சர்வதேசப் புற்று ஆராய்ச்சி ஸ்தாபனம் 2014-ல் சேர்த்தது. ஆராய்ச்சிசாலைகள் முதலிற் கண்டதன்று இது. செத்தவர்களை எண்ணிப் பார்த்ததால் வெளிவந்த உண்மை. பத்திரிகை அச்சாகும் இடங்களிலும் மை துடைக்கும் கைகள் இருக்கின்றன என்பதைப் பத்திரிகைக்காரராகிய நாம் மறப்பதற்கில்லை.

வடசென்னையில் இன்ன ஆலையால் இன்ன நோய் வந்தது என்று ஆதாரமின்றிச் சொல்ல நாம் துணியோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியதையும், அதே மாதம் 26-ந் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீடு விட்டு ஓடியதையும் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எழுவது இயற்கை. சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு வழி, நோயாளியைச் சேர்க்கும் புத்தகத்தில் அவர் எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதை எழுதுவதே. சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தார் நோயாளிகளின் ஜாபிதாவை நடத்திவருகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தோற்றுவித்த அந்த நிலையத்துக்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. அந்த ஜாபிதாவோடு தொழில் விவரமும் முறையாகச் சேர்க்கப்பட்டால், ஒஸாகாவில் காலங்கடந்து தெரிந்தது இங்கே காலத்தில் தெரியக்கூடும்.

இனி மருந்துக்கு வருவோம். ஆன்டிபாடி என்பதை எதிர்ப்புப் புரதம் எனலாம். இது நமக்குப் புதிதன்று. பாம்பு கடித்தவனுக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து என்ன? குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் விளைகிற எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து மனிதனுக்கு ஏற்றுவதே அது. மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழியில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் ஏற்படுத்திய கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுத்துத் தரும் விஷத்தைக் கொண்டே அதைத் தயாரிக்கின்றனர். இந்த வித்தையின் மூலத்தை 1890-ல் ஜெர்மானியராகிய பேரிங்கும் ஜப்பானியராகிய கிடசாட்டோவும் கண்டனர். நோயை மட்டும் தேடிப் பாய்ந்து நோயாளியைத் தீண்டாத மந்திரக் குண்டு ஒன்று வேண்டுமென்று பால் எர்லிக் கனவு கண்டார். நம்மவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் ராமபாணம்.

குதிரையின் இரத்தத்தில் ஆயிரம் வகை எதிர்ப்புப் புரதங்கள் கலந்து கிடக்கும். அவற்றில் ஒரே ஒரு வகையை மட்டும் வேண்டிய அளவு விளைவிக்கும் உபாயத்தை 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த உபாயத்துக்கு அவர்கள் பேட்டன்ட் பெறவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். உலகத்துக்கு இலவசமாகக் கிடைத்த வித்தை அது. அந்த வித்தையில் விளைந்த மருந்துகளோ இன்று குப்பிக்குக் குப்பி தங்கத்தின் விலைக்கு விற்கப்படுகின்றன! ஊருணியை ஊருக்கு வெட்டியவன் ஒருவன்; அதன் கரையிலிருந்து குடத்துக்கு வரி வாங்குகிறவன் மற்றொருவன்.

சில புற்றணுக்களின் மேற்புறத்தில் ஹெர்-2 என்னும் ஒரு புரதம் அளவுக்கு மீறி முளைத்து நிற்கும். 'வளர், வளர்' என்று அணுவுக்கு ஓயாமற் கட்டளையிடுவது அது. அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமன் என்னும் டாக்டரின் ஆராய்ச்சியின் பயனாக, அதைப் பற்றிக்கொண்டு அடக்கும் டிராஸ்டுஜுமாப் என்னும் எதிர்ப்புப் புரதம் 1998-ல் மார்பகப் புற்றுக்கு மருந்தாக வந்தது. அதே ஹெர்-2 பித்தப்பை, பித்த நாளப் புற்றுகளிலும் ஒரு சிறு பங்கில் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. டிராஸ்டுஜுமாப் ஒரே இடத்தைப் பற்றுவது; ஜானிடாடமாப் அதே ஹெர்-2வின் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பற்றக்கூடியது. துறைமுகத்துக் கிரேனில் ஒற்றைக் கொக்கியால் தூக்குவதற்கும் இரட்டைக் கொக்கியால் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ராயபுரத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கொக்கிகளும் பக்கத்துப் பக்கத்து ஹெர்-2களைப் பிணைத்துக் கொத்தாக்கி, அணுவுக்குள்ளேயே இழுபட்டு மறையச் செய்கின்றன. உடலின் காவற் படையையும் அந்த இடத்துக்கு அழைக்கின்றன.

பலன் எவ்வளவு? அனுமதிக்கு ஆதாரமான ஆராய்ச்சியில், ஹெர்-2 மிகத் தெளிவாகத் தெரிந்த 62 பேரில் நூற்றுக்கு 52 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. சுருங்கியவர்களுக்கு அந்த நன்மை நடுத்தரமாக 14.9 மாதம் நீடித்தது. முதல் மருந்து தோற்றுப்போனவர்களிடையே இது அற்பமான விஷயமன்று. ஆனால் பாதிப் பேருக்கு அவ்வாறு சுருங்கவில்லை. எதிரே மற்றொரு கூட்டத்தாரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியுமன்று அது. அதனாலேயே அனுமதியும் மேற்கொண்டு ஆராய்ச்சி நடத்தி ருஜுப்பிக்க வேண்டுமென்ற நிபந்தனைக்குட்பட்டது. ராமபாணம் என்று நாம் தலைப்பிட்டதில் சற்று மிகை உண்டு; ராமனுடைய பாணம் பாதிக் குறியைத் தவறவிட்டதாகக் கதையில்லை.

இருதயத்தின் பலம் குன்றுதலும் கடும் வயிற்றுப்போக்கும் இம்மருந்தின் தீமைகள்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இருதயத்தை எக்கோ மூலம் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரத்துக்கொருமுறை ஏற்றுவது விதி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு முறைக்கு 1,200 மில்லிகிராம். அதாவது 300 மில்லிகிராம் குப்பிகள் நான்கு. வருஷத்துக்கு 26 முறை, 104 குப்பிகள். முதல் தடவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுக்கையிற் கிடக்க வேண்டும். எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவனுக்கு அன்றைய கூலி போயிற்று. உடன் வந்த மனைவியின் கூலியும் போயிற்று. இவை மருந்தின் விலைப் பட்டியலில் சேராத விலைகள்.

அந்நியர் மருந்து வரும் என்று வாயிலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நமக்கு விதியா? இல்லை என்பதற்குப் பம்பாயிலேயே சாட்சி இருக்கிறது. டாடா நினைவு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள் முன்னின்று நம் நாட்டிலே நடத்திய ஓர் ஆராய்ச்சி 2024-ல் பிரசுரமாயிற்று. பித்தப்பை, பித்த நாளப் புற்றுடைய 876 பேரைச் சோதித்ததில் 118 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சற்று மேல், ஹெர்-2 இருந்தது. அவர்களில் 90 பேருக்கு, வழக்கமான ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டினுடன் பழைய டிராஸ்டுஜுமாபையே தொடக்கத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கிற்று. நோய் மீண்டும் தலைதூக்காமலிருந்த காலம் நடுத்தரமாகச் சுமார் 7 மாதம். இதிலும் ஒப்பீட்டுக் கூட்டம் கிடையாது. இதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பித்தப்பைப் புற்றுக்காரர்கள். ஆகையால் இரண்டு ஆராய்ச்சிகளையும் தராசில் வைத்து நிறுத்துச் சமமென்று தீர்ப்புச் சொல்வது அறிவீனம். ஆயினும் ஒரு வித்தியாசம் மறுக்க முடியாதது. ஜானிடாடமாப் அந்நியர் கையில் இருப்பது. டிராஸ்டுஜுமாப் நம் நாட்டிலே தயாராவது.

அது நம் நாட்டிலே தயாராக நேர்ந்த சரித்திரத்தைத் தேசபக்தர்கள் அறிந்திருக்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் ஏற்பட்ட 1911-ம் வருஷத்துப் பேட்டன்ட் சட்டத்தின் கீழ், இந்நாட்டுப் பேட்டன்டுகளில் மிகப் பெரும்பகுதி அந்நியர் வசமிருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டு அவர்கள் இங்கே ஒரு பொருளும் செய்யவில்லை. தாங்களும் செய்யாமல் பிறரையும் செய்யவிடாமல் இறக்குமதிக்குக் காவல் வைத்திருந்தனர். இதனை 1959-ல் விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தவர் நம் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த என். ராஜகோபால அய்யங்கார். அந்த அறிக்கையை அடியொற்றிப் பிறந்தது 1970-ம் வருஷத்துச் சட்டம். மருந்தாகிய பொருளுக்குப் பேட்டன்ட் இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது விதித்தது. வ.உ.சி. கடலிற் கப்பல் விட்டதற்கு ஈடாக மருந்துலகில் ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அந்தச் சட்டத்தையே சொல்வோம். வ.உ.சி.யின் கப்பலை வெள்ளையர் முடக்கினர். இந்தக் கப்பலோ முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி, உலகத்து ஏழைகளுக்கெல்லாம் மருந்து சுமந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் காரணமாக 2005-ல் பொருளுக்கும் பேட்டன்ட் மீண்டும் வந்தது. ஆனாலும் ஆயுதம் முழுதும் பறிபோகவில்லை. கல்லீரல், சிறுநீரகப் புற்றுகளுக்கான சோராபெனிப் மாத்திரையை மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றுவந்த பேயர் கம்பெனியின் பேட்டன்டின்மேல், 2012 மார்ச்சு 9-ந் தேதி ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. விலை மாதத்துக்கு 8,880 ரூபாயாயிற்று. ஒரே மாத்திரை, ஒரே குணம்!

டிராஸ்டுஜுமாபின் இந்தியப் பேட்டன்டை ரோஷ் கம்பெனியார் 2013-ல் கைவிட்டனர். 2014-ன் தொடக்கத்தில் பெங்களூர் பயோகான் கம்பெனி அதே வகை மருந்தை 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதுவும் ஏழைக்கு எட்டாத விலைதான். பின்பு வேறு சுதேசிக் கம்பெனிகளும் போட்டிக்கு வரவே விலை சரிந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்கர்களே அந்தப் பெங்களூர் மருந்துக்குத் தங்கள் தேசத்தில் அனுமதி கொடுத்தனர். அந்நிய மருந்துக்கு இணையாக நம்மவர் செய்ய முடியாது என்று இன்னும் சிலர் பேசித் திரிவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆயினும் மாத்திரை வேறு, எதிர்ப்புப் புரதம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரை ரசாயனக் கலவை. சூத்திரம் தெரிந்தால் செய்துவிடலாம். எதிர்ப்புப் புரதத்தை உயிருள்ள அணுக்களைப் பெரிய கொப்பரைகளில் வளர்த்து விளைவிக்க வேண்டும். வெப்பம் சிறிது பிசகினாலும் சரக்கு கெட்டது. கட்டாய உரிமம் கையில் இருந்தாலும், செய்கிற ஆலையும் தேர்ந்த கைகளும் இல்லாவிடில் உரிமம் காகிதமே. செங்கற்பட்டில் மத்திய சர்க்கார் சுமார் 600 கோடி ரூபாய்த் திட்டமாகக் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்ததை, 2021 மே மாதத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரிற் பார்வையிட்டு, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி கேட்டார். கோவிட் கொள்ளைநோயின் நடுவிலேயே உற்பத்தியின்றி நின்ற ஆலை அது! பொதுப் பணத்திற் கட்டிய ஆலையில் பொதுஜனங்களுக்கு மருந்து விளையச் செய்ய முடியாவிட்டால் நாம் யாரைக் குறை கூறுவது?

டில்லி சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. 2024 ஜூலை 23-ந் தேதி பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் மூன்று புற்று மருந்துகளின்மேல் சுங்க வரியை நீக்கினார். அவற்றில் ஒன்று டுர்வலுமாப். அதுவும் எதிர்ப்புப் புரதமே. ஹெர்-2வைப் பற்றுவதன்று, உடலின் காவற் படைக்குப் புற்று போட்ட பூட்டைத் திறந்துவிடுவது. 685 பேரைக் கொண்ட ஆராய்ச்சியில், வழக்கமான மருந்துடன் இதையும் சேர்த்தபோது பித்த நாளப் புற்றுக்காரரின் நடுத்தர ஆயுள் 11.5 மாதத்திலிருந்து 12.8 மாதமாயிற்று. அற்பம் என்று தோன்றும். ஆனால் இரண்டு வருஷம் கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்தாயினர். சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு மிகுதி என்பதே இதன் பொருள். பத்து சதவிகிதச் சுங்கம் நீங்கியது நல்லதுதான். லட்சத்துக்கு விற்பது தொண்ணூறாயிரத்துக்கு வந்தால் காசிமேட்டு வலைக்காரன் அதை வாங்கிவிடுவானா?

இவ்விடத்தில் டாடா ஆஸ்பத்திரியின் மற்றொரு காரியத்தையும் நினைக்கவேண்டும். தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்னும் எதிர்ப்புப் புரதத்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், பழைய மலிவு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். ஒரு வருஷம் கடந்து ஜீவித்தவர்கள் நூற்றுக்கு 16-லிருந்து 43 ஆயினர். 2022-ல் இது பிரசுரமாயிற்று. பித்த நாளத்துக்கு இது பொருந்துமென்று நாம் சொல்லவில்லை. அதை டாக்டர்கள் சோதித்தே சொல்லவேண்டும். கம்பெனியார் எழுதித் தந்த அளவுதான் வேதவாக்கு என்று கொள்ளாமல், நம் ஜனங்களின் பைக்கும் உடலுக்கும் ஏற்ற அளவு என்ன என்று நம்மவரே கேட்டனர் அன்றோ? அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம். பணக்காரத் தேசத்து மருந்துக் கம்பெனி எதுவும் தன் மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் போதுமா என்று ஆராய்ச்சி நடத்தப்போவதில்லை.

சென்னை மாகாணத்தின் வாரிசாகிய இந்த மாநிலத்துக்கு ஒரு பலம் உண்டு. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் மொத்தமாக மருந்து வாங்குகிறது; மற்ற மாகாணங்கள் அதைப் பார்த்துக் கற்றன. பித்த வழிப் புற்றுக்கு ஹெர்-2 சோதனையையும், சோதனையில் தேறியவர்களுக்குச் சுதேசி டிராஸ்டுஜுமாபையும் தடையின்றி வழங்குவதென்று தீர்மானிக்க, அது தகுந்த ஸ்தாபனம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலே குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை இடமிருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆனால் மீன் பிடிக்கிறவருக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும், லாரிச் செட்டில் தினக்கூலிக்குச் சரக்கேற்றுகிறவருக்கும் ஈ.எஸ்.ஐ. ஏது? சங்கங்கள் ஆலை வாயிலோடு நின்றுவிடாமல் படகுத் துறைக்கும் போகவேண்டிய இடம் இது. காப்பீட்டு அட்டை பெறாதவர்களின் பெயர்களைத் தெருத் தெருவாக எழுதி எடுத்துப் பெற்றுத் தருவதற்கு ஒரு வாலிபர் கூட்டத்துக்கு ஒரு மாதம் போதும்.

நூறு பேரைச் சோதித்தால் பதின்மூவருக்கே ஹெர்-2 இருக்கும். அந்தப் பதின்மூவரிலும் பாதிப் பேருக்கே கட்டி சுருங்கும். இவ்வளவுக்காகவா இத்தனை கூச்சல் என்று கேட்பவர் இருக்கலாம். அந்த ஆறேழு பேர் யார் என்று சோதித்தாலன்றித் தெரியாது என்பதே விடை. சோதனைக்கோ விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே சோதனை. மார்பகப் புற்றுக்காகப் பல வருஷமாகச் செய்துவருவதுதான். சந்தேகமான சிலவற்றுக்கு மட்டும் இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும். ஆனால் பித்த நாளத்திலிருந்து எடுக்கும் துணுக்கு நூலிழை போன்றது. எடுக்கும்போதே போதுமான அளவு எடுக்க வேண்டுமென்று எண்டாஸ்கோப்பி செய்கிற டாக்டரும், அதைப் பார்க்கிற டாக்டரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும்.

முன்னமே துணுக்கு எடுத்து, புற்று என்று சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்கும் வழி அடைபட்டதில்லை. அந்தத் துணுக்கை மெழுகுக் கட்டியிற் பதித்து ஆஸ்பத்திரி நோய்க்குறியியல் பிரிவில் நம்பரிட்டு அலமாரியில் வைப்பது வழக்கம், வெகுகாலம் கெடாது. சீட்டிலுள்ள அந்த நம்பரைச் சொல்லி, 'இதில் ஹெர்-2 பார்த்தாயிற்றா?' என்று நோயாளியின் வீட்டார் டாக்டரைக் கேட்கலாம்.